பாங்கிப் பணமும் பாமர மக்களும்

ஏழைக்குப் பணம் சம்பாதிப்பது ஒரு கஷ்டம். சம்பாதித்த பணத்தைப் பத்திரமாய்க் காப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். பணக்காரனுக்கு அவன் பணத்தைக் காப்பாற்ற வக்கீல் இருக்கின்றான், ஆடிட்டர் இருக்கின்றான், பாங்கி மானேஜரே எழுந்து வந்து நாற்காலி போடுகின்றான். கூலிக்காரனுக்கும், தறிகாரனுக்கும், தெருவில் காய்கறி விற்கும் அம்மாளுக்கும் என்ன இருக்கின்றது? அரிசிப் பானை இருக்கின்றது. அஞ்சறைப் பெட்டி இருக்கின்றது. "தெரிந்த மனிதர்தானே" என்கின்ற நம்பிக்கை இருக்கின்றது. இம்மூன்றில் முதல் இரண்டைத் திருடனும், குடிகாரப் புருஷனும் பார்த்துக்கொள்ளுகின்றார்கள். மூன்றாவதைத் தெரிந்த மனிதரே பார்த்துக்கொள்ளுகின்றார்.

ஆகவே "எந்த இடத்தில் போட்டால் பணத்துக்குப் பயமில்லை? எந்தக் கணக்கு வைத்தால் நமக்குச் செலவில்லை?" என்கின்ற இரண்டு கேள்விகளையும் இன்று எடுத்துக்கொள்ளுகின்றோம். பகுத்தறிவு என்பது மேடைக்கு மாத்திரம் உரியதல்ல. பணப்பையைத் திறக்கும்போதும் அது வேண்டும்.

முதல் கேள்விக்கு நம் மக்கள் சாதாரணமாய்ச் சொல்லிக்கொள்ளும் பதில்கள் என்ன? "பெரிய கட்டடம்", "பழைய பெயர்", "நம்ம ஜாதிக்காரர் நடத்துவது", "முதலாளி பெரிய பக்திமான், கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்" என்பவைகளேயாகும். இவற்றில் ஒன்றாவது பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்குப் பதிலாகுமா? கட்டடம் யார் பணத்தில் எழுந்தது? கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தது யார் பணம்? இதை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

பழைய சங்கதிகளைச் சற்றுப் பார்ப்போம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி என்றால் அசையாது என்று நம்பி அதில் பணம் போட்டவர்கள் ஏராளம். 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி அது கதவை மூடிவிட்டது. அதன் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? அந்த அனுபவத்தின் பேரில்தான் 1907-ல் இந்தியன் பாங்கி ஆரம்பிக்கப்பட்டது.

சரி, வெள்ளைக்காரன் பெயர்தான் ஆகவில்லை, "நேஷனல்" என்ற பெயராவது காப்பாற்றுமா? திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி என்பதில் "நேஷனல்" என்ற வார்த்தை இருக்கத்தான் இருந்தது. 1938-ல் அது விழுந்தது. 1960-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தின் பெரிய பாங்கியான பாலை சென்ட்ரல் பாங்கியும் மூடப்பட்டது. அதே 1960-ல் லட்சுமி பாங்கி என்ற பெயரையே வைத்துக்கொண்டிருந்த வடக்கத்தி பாங்கி ஒன்றும் முழுகிற்று. செல்வத்துக்கு அதிதேவதை என்று சொல்லப்படுகின்ற அம்மாளின் பெயர் பலகையில் இருந்தும், பணம் போட்டவர்கள் தவித்துத்தான் நின்றார்கள்.

இனிச் சமீப காலத்துக்கு வருவோம். நம் கரூரில் 1926-ம் வருஷம் வியாபாரிகளால் ஆரம்பிக்கப்பட்ட லட்சுமி விலாஸ் பாங்கியை வாசகர்கள் அறிவார்கள். 2020-ம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி, இனி ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று அதன்மேல் உத்தரவு வந்தது. பத்தே நாளில், 27-ந் தேதி, அது சிங்கப்பூர்க்காரர்களுடைய டி.பி.எஸ். பாங்கியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பங்கு வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஆனால் டெப்பாசிட் போட்டவர்களின் பணம் போகவில்லை.

இதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1960-லும் பலகையில் லட்சுமிதான், 2020-லும் பலகையில் லட்சுமிதான். அப்போது தவித்தவர்கள் இப்போது தவிக்காமல் போனதற்குக் காரணம் அந்த அம்மாளின் கடாட்சமா? அல்லவே அல்ல. இடையில் மனிதன் சட்டம் செய்தான். கணக்கைப் பார்க்கவும், தலையிடவும், ஒரு பாங்கியை வேறொரு பாங்கியோடு சேர்க்கவும் ரிசர்வ் பாங்கிக்கும் சர்க்காருக்கும் அதிகாரம் ஏற்பட்டது. காப்பாற்றியது அந்த அதிகாரமேயாகும்.

அந்தச் சட்டங்களில் நம் ஜனங்கள் முக்கியமாய்த் தெரிந்துகொள்ள வேண்டியது டெப்பாசிட் இன்ஷூரன்ஸ் என்பதாகும். 1960-ம் வருஷத்து அவதிக்குப் பிறகு 1961-ல் சட்டம் செய்யப்பட்டு, 1962 ஜனவரி 1-ந் தேதி முதல் இது நடந்து வருகின்றது. ஒரு பாங்கி முழுகிவிட்டால், பணம் போட்டவருக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரையில் இந்த இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் கொடுத்தாக வேண்டும். ஆரம்பத்தில் அந்தத் தொகை 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சமாயிற்று. 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 5 லட்சமாயிற்று. இதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியது பாங்கி, நாம் அல்ல.

இதில் இரண்டு விவரங்களை மறக்கக்கூடாது. ஒன்று, 5 லட்சம் என்பது ஒரு பாங்கியில் ஒருவருக்கு என்று கணக்கு. அதே பாங்கியில் நான்கு கிளைகளில் நான்கு கணக்கு வைத்தாலும், அசலும் வட்டியும் எல்லாம் சேர்த்து 5 லட்சந்தான். அதற்குமேல் உள்ளவர்கள் வேறு பாங்கியில் பிரித்து வைப்பதே புத்திசாலித்தனம். இரண்டு, எல்லாப் பலகைக்கும் இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. சர்க்கார் பாங்கி, தனியார் பாங்கி, கூட்டுறவு பாங்கி ஆகியவைகளுக்கு உண்டு. ஊரிலுள்ள தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெப்பாசிட்டுக்கு இல்லை. பைனான்ஸ் கம்பெனிக்கு இல்லை. சீட்டுக் கம்பெனிக்கு இல்லை. "பொன்னில் போடுகிறோம், மாதம் 100-க்கு 25 தருகிறோம்" என்று காரில் வந்து இறங்குகின்ற கூட்டத்துக்கு நிச்சயமாய் இல்லை. இப்படிப்பட்ட மோசடிகள் மலிந்ததால்தான் நம் மாகாணத்தில் டெப்பாசிட்தாரர் பாதுகாப்புக்கென்று 1997-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் இன்றைக்கும் போய் வரிசையில் நிற்கின்றார்கள் என்றால் அதற்கு என்ன சொல்லுவது? மாதம் 100-க்கு 25 கொடுக்க வேண்டுமானால், வாங்கின பணம் நான்கே மாதத்தில் இன்னொரு மடங்கு விளைய வேண்டும். எந்த நிலத்தில் விளைகின்றது, எந்தத் தறியில் நெய்யப்படுகின்றது என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா?

நிற்க, சர்க்கார் பாங்கிகள் விஷயம். 1969-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி 14 பெரிய பாங்கிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1980-ல் இன்னும் 6 எடுத்துக்கொண்டது. நம் பக்கத்து இந்தியன் பாங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் முதல் 14-ல் சேர்ந்தவை. ஸ்டேட் பாங்கி இவைகளுக்கு முன்னமே, 1955-ல், ஏற்பட்டது. ஒன்றோடு ஒன்று சேர்க்கப்பட்டு, 2020-ம் வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு இவைகளெல்லாம் மொத்தம் 12 ஆயின. தேசிய மயமான பாங்கிகளில் பாதிக்கு மேல், அதாவது 100-க்கு 51 பங்குக்குக் குறையாமல், சர்க்கார் வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். மத்திய சர்க்காரின் உத்தரவு இல்லாமல் இவைகளைக் கலைத்துவிடவும் முடியாது. ஆகவே மற்றவைகளைவிட இவை பத்திரமானவை என்று சொல்லுவதற்குக் காரணம் இருக்கின்றது.

ஆனால், சாமியை நம்பாதே என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் சர்க்காரை உட்கார வைத்துக் கும்பிடச் சொல்லுகின்றவர்கள் அல்ல நாம். சர்க்கார் பாங்கி என்பதால் இன்ஷூரன்ஸ் தொகை கூடிவிடாது. அதற்கும் 5 லட்சந்தான். மொத்தப் பணத்துக்கும் சர்க்காரே நேராய் ஜவாப்தாரி என்பது தபாலாபீஸ் சேமிப்புக்குத்தான் உண்டு. தபாலாபீஸில் 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும். குறைந்தால் வருஷத்துக்கு 50 ரூபாய் பிடிப்பார்கள். பக்கத்தில் பாங்கி இல்லாத கிராமத்தார் இதை மறக்க வேண்டியதில்லை.

அன்றியும், சர்க்கார் பாங்கி விழுவதில்லை என்பதற்குக் காரணம் அது நஷ்டப்படுவதில்லை என்பதல்ல. பெரிய முதலாளிகள் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டாமல் போனபோது இந்தப் பாங்கிகளும் தள்ளாடின. 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து வருஷத்தில் மத்திய சர்க்கார் இவைகளுக்கு முதலாகப் போட்ட தொகை சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் கோடி ரூபாய். பெரும்பகுதி கடன் பத்திரமாய்க் கொடுக்கப்பட்டது என்பார்கள். எந்த ரூபத்தில் கொடுத்தாலென்ன? பத்திரத்துக்கு வட்டி கொடுப்பது யார்? வரி கொடுக்கும் ஜனங்கள்தானே. சோப்புக் கட்டி வாங்குகின்ற கூலிக்காரனும், செருப்பு வாங்குகின்ற தோட்டியும் அந்த வரியில் தங்கள் பங்கைக் கொடுத்துத்தான் இருக்கின்றார்கள்.

இதிலிருந்துதான் நம் இரண்டாவது கேள்வி பிறக்கின்றது. பாங்கியைத் தாங்கிப் பிடிப்பது எல்லா ஜனங்களின் பணம் என்றால், அந்தப் பாங்கியில் ஏழை ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுவதற்குத் தண்டம் கட்ட வேண்டுமா?

கட்டித்தான் வந்திருக்கின்றான். "மினிமம் பேலன்ஸ்" என்று ஒன்று உண்டல்லவா? கணக்கில் இவ்வளவு ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும், இல்லையேல் அபராதம் என்பது அதன் தாத்பரியம். 2017-ம் வருஷம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் ஸ்டேட் பாங்கி மாத்திரம் இந்த வகையில் பிடித்த தொகை சுமார் 1,772 கோடி ரூபாய். 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷத்தில் சர்க்கார் பாங்கிகள் பிடித்தது சுமார் 8,500 கோடி. இவை பார்லிமெண்டிலும் சர்க்கார் கணக்கிலும் வெளியான தொகைகள். இருப்பு குறைவாய் வைத்திருப்பவன் யார்? பணமில்லாதவன். அவனிடத்தில் பணமில்லை என்கின்ற குற்றத்துக்காக அவனிடத்திலேயே பணம் பிடிப்பது என்ன நியாயம்? கோடிக்கணக்கில் கட்டாதவனோடு பேச்சு வார்த்தை. 200 ரூபாய் குறைந்தவனுக்கு அபராதம். இது மனு நீதியை நினைப்பூட்டுகின்றதா இல்லையா என்று கேட்கின்றோம்.

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டுச் சர்க்கார் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்க ஆரம்பித்தபோது என்ன நடந்தது? பணம் வந்து விழுந்த உடனேயே பழைய அபராதத்துக்கென்று சில பாங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டதாகப் புகார் கிளம்பிற்று. மாகாண நிதி மந்திரி தலையிட்டுக் கண்டிக்க வேண்டியதாயிற்று. உரிமை என்று பெயர் வைத்துக் கொடுத்த பணம் கைக்கு வருமுன் கரைவதானால், அந்தப் பெண்மணி பாங்கியை நம்புவாளா, அஞ்சறைப் பெட்டியை நம்புவாளா?

கூச்சல் போட்டதில் பலன் இல்லாமற் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேட் பாங்கி 2020 மார்ச்சில் சேவிங்ஸ் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. 2025-ம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் கனரா, பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் ஆகிய பாங்கிகளும் சாதாரண சேவிங்ஸ் கணக்குகளுக்கு எடுத்துவிட்டன. ஆனால் அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு பெரிய தனியார் பாங்கி, பட்டணத்தில் புதிதாய்க் கணக்கு ஆரம்பிப்பவர்களுக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. கூச்சல் எழுந்தபிறகு 15,000-க்கு இறங்கிற்று. ஆகையால் பலகையைப் பார்த்து உள்ளே போகாமல், இருப்பு எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

இவைகளைவிட முக்கியமான ஒரு சங்கதியைப் பெரும்பாலோருக்கு ஒருவரும் சொல்லுவதேயில்லை. ரிசர்வ் பாங்கியின் 2012-ம் வருஷத்து உத்தரவின்படி, ஒவ்வொரு பாங்கியும், தனியார் பாங்கி உள்பட, "அடிப்படைச் சேமிப்புக் கணக்கு" என்று ஒன்று கொடுத்தாக வேண்டும். ஜனங்கள் இதை ஸீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்லுகின்றார்கள். இதில் ஒரு ரூபாய்கூட இருப்பு வைக்க வேண்டியதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் பணம் போடலாம். மாதத்துக்கு நான்கு தடவையாவது இலவசமாய் எடுக்கலாம். ஏ.டி.எம். கார்டும் இலவசம். கணக்கை வெகுநாள் தொடாமல் விட்டுவிட்டாலும் அதற்கென்று கட்டணம் பிடிக்கக்கூடாது. 2014 ஆகஸ்டு 28-ந் தேதி ஆரம்பித்த ஜன் தன் கணக்கும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் விபத்து இன்ஷூரன்ஸும் சேர்ந்து வருகின்றது. ஒரே ஒரு நிபந்தனை: இந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே பாங்கியில் வேறு சேவிங்ஸ் கணக்கு வைக்கக்கூடாது. முன்னமே இருந்தால் 30 நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

இது பாங்கிக்காரர் போடும் பிச்சை அல்ல; அவர் செய்தாக வேண்டிய கடமை. "அதெல்லாம் இப்போது இல்லை, இந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொன்னால், "இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னவுடன் இல்லாதது எல்லாம் உண்டாகிவிடுவதைக் காணலாம். அப்படியும் ஆகாவிட்டால் பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, 30 நாள் பார்த்து, பதில் திருப்தியில்லையேல் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். இதற்கு வக்கீலும் வேண்டாம், காசும் வேண்டாம். 14448 என்ற டெலிபோன் நம்பரில் விவரம் கேட்கலாம்.

கணக்கு ஆரம்பித்தபிறகும் கண்ணை மூடிக்கொண்டிருக்கக்கூடாது. பாஸ் புத்தகத்தை மாதம் ஒரு தடவை பதியச் செய்து படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். 20 ரூபாய் என்றும் 436 ரூபாய் என்றும் வருஷத்துக்கு ஒரு தடவை பிடித்திருந்தால் அவை விபத்து, ஆயுள் இன்ஷூரன்ஸ் திட்டங்களுக்காக இருக்கும். வேண்டுமென்று நீங்கள் சம்மதித்திருந்தால் சரி. இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். வேறு பாங்கியின் ஏ.டி.எம்.மில் பட்டணத்தில் மாதம் 3 தடவையும், மற்ற ஊர்களில் 5 தடவையும் இலவசம். அதற்கு மேல் 2025 மே மாதம் முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று உத்தரவு. டெப்பாசிட் போடப் போனவர் கையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திணித்து அனுப்புவதும் நடக்கின்றது. ஆகவே எந்தக் காகிதத்திலும் அது என்னவென்று தெரியாமல் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கக்கூடாது. அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தலையாட்டக்கூடாது என்று சொல்லுகின்ற நாம், அர்த்தம் தெரியாத பாரத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கடைசியாக ஒரு விஷயம். கணக்கு யார் பெயரில் இருக்கின்றது என்பது, எந்தப் பாங்கியில் இருக்கின்றது என்பதைவிடப் பெரிய கேள்வி. பெண்ணின் கூலியும், பெண்ணின் உரிமைத் தொகையும் பெண்ணின் பெயரில் வந்து விழுந்தாலும், கார்டும் நம்பரும் புருஷன் சட்டைப் பையில் இருந்தால் அது யார் கணக்கு? தன் பணத்தை எடுக்கத் தானே போக வேண்டும். தன் ரகசிய நம்பரைத் தானே வைத்திருக்க வேண்டும். தனக்குப் பிறகு யாருக்கு என்று வாரிசுப் பெயரைத் தானே எழுத வேண்டும். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரையில் அப்படி எழுதிவைக்கலாம் என்று சட்டம் வந்திருப்பதால், ஆண் பிள்ளைக்கு மாத்திரம் எழுதிவிட்டுப் பெண் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டிய அவசியமுமில்லை.

ஆகவே தோழர்களே! பணத்தைக் காப்பது பெயருமல்ல, பலகையுமல்ல, ஜாதியுமல்ல, சாமியுமல்ல. சட்டமும், அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு கேட்கின்ற மனிதனுந்தான். ஒவ்வொரு ஊரிலும் படித்த வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அக்கம் பக்கத்தாரின் பாஸ் புத்தகங்களை வாங்கிப் படித்துச் சொல்லுவார்களானால், அது பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட மேலான வேலையாகும். அவ்வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.